மீன்கார அக்காவின் மணிக்கட்டு

எங்கள் மகள் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்தில் எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாள். மணி பார்ப்பதற்கு அல்ல.

"அம்மா, இது உன் ஹார்ட் பீட்டை எண்ணும். எவ்வளவு நடந்தேன்னு சொல்லும். டாக்டர் நடக்கச் சொன்னாருல்ல, இனிமே ஏமாத்த முடியாது" என்று போனில் சொன்னாள். மெயின்லேண்டிலிருந்து அந்தப் பார்சல் அந்தமானுக்கு வந்து சேரப் பதினெட்டு நாள் ஆயிற்று.

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க். வீடு கடலுக்கு இந்தப் பக்கம், பாம்பூஃப்ளாட்டில். கல்யாணமாகி மானாமதுரையிலிருந்து இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. உட்கார்ந்தே வேலை பார்த்ததில் எடையும் சர்க்கரையும் போட்டி போட்டுக்கொண்டு ஏறியிருந்தன.

கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் ஒரு பச்சை விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. அந்த வெளிச்சம் தோலுக்குள் போய், ஒவ்வொரு துடிப்புக்கும் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்த்துக் கணக்குப் போடுகிறதாம். கையில் கட்டியதும் எழுபத்திரண்டு என்று காட்டியது. அது நல்லதா கெட்டதா எனக்குத் தெரியவில்லை. இன்னொரு தடவை பார்த்தேன், எழுபத்தாறு. ஐயோ ஏறுகிறதே என்று நினைத்தேன், எண்பத்தொன்று. அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நான் கடிகாரத்தைப் பார்த்துப் பயப்படுவதும், பயந்ததால் எண் ஏறுவதும், ஏறியதைப் பார்த்து மேலும் பயப்படுவதுமாக இருந்தேன். காய் நறுக்கும்போதும் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் விரலைக்கூட வெட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் அரசு வண்டி ஓட்டுகிறவர். எஞ்சின் சத்தத்தைத் தவிர வேறெதையும் நம்பமாட்டார். அன்றைக்குப் பின்கட்டில் குலை தள்ளி முடிந்த வாழையை வெட்டிப் போட்டிருந்தார். என் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு போய், உரித்து வைத்திருந்த வாழைத்தண்டில் இறுக்கிக் கட்டினார். கொஞ்ச நேரம் கோடு கோடாகக் காட்டிவிட்டு, எண்பத்து நாலு என்றது.

"பாரு, உன்னைவிட வாழைத்தண்டுக்குப் படபடப்பு ஜாஸ்தியா இருக்கு. அதையும் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்டக் காட்டு" என்று அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டது.

எனக்கு ரோஷமாகிவிட்டது. மகள் வாங்கித் தந்ததை வாழைத்தண்டோடு சேர்த்துப் பேசினால் பொறுக்குமா? மறுநாள் காலை அதைக் கட்டிக்கொண்டேதான் ஃபெரிக்குப் போனேன்.

பாம்பூஃப்ளாட்டிலிருந்து போர்ட் பிளேருக்கு ரோடு வழியாகவும் போகலாம். ஆனால் சுற்றிச் சுற்றிப் பாதி நாள் போய்விடும். ஃபெரியில் கால் மணி நேரத்தில் சாத்தம் ஜெட்டி. கீழ்த்தளத்தில் ஸ்கூட்டரும் ஜீப்பும் ஆட்களும் நெருக்கியடித்து நிற்க, மேல்தளத்தில் ஓரமாக ஒரு மர பெஞ்சு. ஏழு மணி ஃபெரியில் அந்த பெஞ்சு எங்களுடையது. எங்களுடையது என்றால், நான், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் ஒரு மலையாளி சேச்சி, அப்புறம் மாறி மாறி வரும் நாலைந்து பெண்கள். பெரும்பாலும் ஹிந்தியில்தான் பேச்சு. நானும் சேச்சியும் மட்டும் அவரவருக்குத் தெரிந்த தமிழில் பேசிக்கொள்வோம்.

கடிகாரம் அன்றைக்கே கை மாற ஆரம்பித்துவிட்டது. ஒவ்வொருத்தியும் கட்டிப் பார்த்தாள். அறுபத்தெட்டு வந்தவள் பெருமைப்பட்டாள். தொண்ணூறு வந்தவள் மாமியாரைக் குற்றம் சொன்னாள். சேச்சி மட்டும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு என் இன்னொரு கை மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, தன் சட்டையில் குத்தியிருந்த நர்ஸ் வாட்ச்சைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணினாள். பிறகு என் கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு கூடுதலாக் காட்டுது, அவ்வளவுதான் கேட்டோ. மோசமில்லை."

சேச்சி சான்றிதழ் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் எங்கள் பெஞ்சில் நாடி பார்ப்பது ஒரு விளையாட்டாகிப் போனது. "இன்னைக்கு உனக்கு எவ்வளவு?" என்பதுதான் குட்மார்னிங்.

அதே ஃபெரியில் மீன்கார அக்காவும் வருவாள். அவளுடைய அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து பிழைக்க வந்தவர்; அவள் பிறந்ததே இந்தத் தீவில்தான். அவள் வீட்டுக்காரர் டிங்கி என்கிற சின்னப் படகில் போய்ப் பிடித்து வரும் மீனை இரண்டு அலுமினியச் சட்டியில் ஐஸ் போட்டு எடுத்துக்கொண்டு, டாலிகஞ்ச் தெருக்களில் கூவி விற்பாள். சட்டிகளைக் கீழே ஸ்கூட்டர்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, படியேறி வந்து எங்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவாள். என்னை "மேடம்" என்றுதான் கூப்பிடுவாள். நல்ல குரல். அவள் கீழே இருந்து பேசினாலே மேலே கேட்கும்.

அந்த வருடம் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். கன்னம் ஒட்டி, கழுத்து நீண்டு, பத்து வயது குறைந்த மாதிரி ஒரு நடை. எனக்கு உள்ளுக்குள் பொறாமை.

"அக்கா, ரகசியத்தை எங்களுக்கும் சொல்லுங்க. என்ன சாப்பிடுறீங்க?" என்று நானே கேட்டிருக்கிறேன்.

"என்ன ரகசியம் மேடம், பசிக்கி பசிக்கின்னு தட்டு தட்டாத் திங்கேன். ஒடம்புல ஒட்ட மாட்டேங்கு" என்றாள். குடுத்து வைத்தவள் என்று நாங்கள் பெருமூச்சு விட்டோம்.

கடிகார விளையாட்டு தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். சேச்சிக்கு அந்த வாரம் நைட் டியூட்டி, காலை ஃபெரியில் அவள் இல்லை. எல்லோரும் கட்டிப் பார்த்து முடித்தபோது அக்கா படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்களும் கட்டிப் பாருங்க" என்றேன்.

"அரே, நமக்கெதுக்கு மேடம். கையெல்லாம் மீன் நாத்தம்."

அந்த நேரத்தில் நான் உடனே "பரவாயில்லைக்கா" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேன்தான். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் என் கண் கடிகாரத்தின் பட்டையைப் பார்த்துவிட்டது. புதுப் பட்டை, மகள் வாங்கித் தந்தது. அந்த ஒரு கணத்தை அக்கா பார்த்துவிட்டாள். இடுப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, உதறி, மடித்து, தன் மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதன்மேல் கடிகாரத்தைக் கட்டச் சொல்லிக் கையை நீட்டினாள். வெள்ளைக் கைக்குட்டை, நன்றாகத் துவைத்தது.

துணி மேல் கட்டினால் அந்தப் பச்சை வெளிச்சத்துக்கு என்ன தெரியும்? கடிகாரம் கோடு கோடாகவே காட்டியது. என் முகம் சுட்டது. நானே அந்தக் கைக்குட்டையை அவிழ்த்து அவள் இடுப்பில் செருகிவிட்டு, ஈரக் கையை என் புடவையில் துடைத்து, கடிகாரத்தை நேராகத் தோலில் கட்டினேன்.

நூற்று முப்பத்தெட்டு.

"படியேறி வந்தீங்கல்ல, அதான்" என்றேன். அவள் வந்து நின்று ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. நூற்றுப் பன்னிரண்டு என்றது. அப்புறம் நூற்று ஐம்பத்தாறு. பெஞ்சில் எல்லோரும் சிரித்தார்கள். ஐஸில் விறைத்த கை, அதனால் சரியாகக் காட்டவில்லை என்று ஒருத்தி சொன்னாள். அப்படியும் ஆகும் என்று மகள் சொல்லியிருந்தாள். அக்காவும் சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிட்டுக் கீழே போய்விட்டாள்.

எனக்கு மட்டும் அது மனசிலேயே கிடந்தது. வீட்டில் சொன்னேன்.

"வாழைத்தண்டுக்கு எண்பத்து நாலு காட்டின வாட்ச்சுதானே" என்றார் என் வீட்டுக்காரர். அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது?

மறுநாள் ஃபெரியில் ஏறும்போதே சுடச்சுட ஒரு கிளாஸ் டீ வாங்கிக்கொண்டேன். அக்காவைத் தேடிக் கீழ்த்தளத்துக்குப் போய், "இதைக் கையில பிடிச்சிட்டே குடிங்க" என்று கொடுத்தேன். பாதி டீ குடித்ததும் கை சூடாகிவிட்டது. கிளாஸ் அவள் கையில் மெல்ல நடுங்குவதை அப்போதுதான் கவனித்தேன். கடிகாரத்தைக் கட்டினேன். நூற்று நாற்பத்து நாலு. குறையவே இல்லை.

"அக்கா, நெஞ்சுல ஏதாவது பண்ணுதா?"

அவள் டீயை ஊதினாள். "கொஞ்ச நாளா ஒரு இது. வலையில கெடக்க மீனு துள்ளுமே, அது மாதிரி துள்ளும். பொறவு அடங்கிரும்."

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்க்கா. நான் கூட வர்றேன்."

டீ கிளாஸைத் தரையில் வைத்த வேகத்தில் மீதி டீ சிந்தியது. "ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன செய்வாங்கன்னு தெரியாதா? ரெஃபர் பண்ணுவாங்க! எங்க சித்தப்பாவ ரெஃபர் பண்ணி மெயின்லேண்டுக்கு அனுப்புனாங்க, ஆறு மாசம் சென்னையில கெடந்தாரு. எனக்கு அங்கன யாரத் தெரியும்? டிங்கிய யாரு பாக்க, மீன யாரு விக்க? நல்லாத்தான் இருந்தேன். ஒங்க வாட்ச்ச கட்டுன நாள்லருந்துதான் இதெல்லாம் பேச்சு. போதும் மேடம். எம்மேல கண்ணு வைக்காதீங்க."

ரெஃபர். இந்தத் தீவில் அந்த வார்த்தைக்கு எல்லோரும் பயப்படுவோம். இங்கே வைத்தியம் முடியாது, கடல் தாண்டிப் போ என்று அர்த்தம். அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் "கண்ணு வைக்காதீங்க" என்றது சுருக்கென்று குத்தியது. இளைத்ததைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள்தானே நான்.

அதன்பிறகு மூன்று நாள் அவள் மேலே வரவில்லை. நான் கீழே போனால் ஜீப்புக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். பெஞ்சில் விளையாட்டும் நின்றுவிட்டது. கடிகாரத்தைக் கழற்றிக் கைப்பையில் போட்டேன். பிறகு நடந்த கணக்கு குறைகிறது என்று மகள் போனில் திட்டியதால் திரும்பக் கட்டினேன்.

திங்கள்கிழமை சேச்சி காலை டியூட்டிக்கு மாறி ஃபெரியில் வந்தாள். நான் ஒன்று விடாமல் சொன்னேன். டீ, நடுக்கம், நூற்று நாற்பத்து நாலு, வலை மீன். பசி, இளைப்பு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே சேச்சி எழுந்துவிட்டாள்.

"இதை நீ எனக்குப் போன் செய்து சொல்லக் கூடாதா?"

விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அக்கா சட்டிகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சேச்சி, வெள்ளைச் சீருடையோடு அந்த ஈரத் தரையில் அவளுக்கு எதிரே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு மூன்று விரலால் பிடித்தாள். எஞ்சின் சத்தத்தில் காது அடைத்தது. பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர்க்காரர் ஏதோ கேட்க வாயைத் திறந்தார்; சேச்சி நிமிர்ந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். சாத்தம் மர ஆலையின் கூரை தெரியும் வரைக்கும் சேச்சி விரலை எடுக்கவில்லை. இறுதியில் அக்காவின் கழுத்தை ஒரு கையால் தடவிப் பார்த்தாள்.

"ஒழுங்கா அடிக்கலை. ஓடுது, நிக்குது, ஓடுது. இது வாட்ச்சின் குற்றமில்லை. நீ இப்ப என்கூட வரணும். எட்டு மணிக்கு எனக்கு டியூட்டி, நானே உன்னைக் கொண்டுபோறேன்."

வேறு யார் சொல்லியிருந்தாலும் அக்கா எகிறியிருப்பாள். சேச்சியின் சீருடை முழங்காலுக்குக் கீழே மீன் தண்ணீரில் நனைந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"இன்னைக்கு மீனு?"

இரண்டு சட்டி நிறைய மீன். வெயில் ஏறினால் அவ்வளவும் வீண்.

"நான் வித்துத் தர்றேன்" என்றேன்.

அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மானாமதுரைக்காரி நான். கண்மாய் மீனைத் தவிர வேறு மீன் தெரியாது. இங்கே வந்த பிறகும் மீன் வாங்குவது, கழுவுவது எல்லாம் வீட்டுக்காரர் வேலை. சாப்பிடுவது மட்டும் என் வேலை.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களா?" என்றாள். ஃபெரி ஜெட்டியில் இடித்து நிற்கும்வரை எனக்குப் பாடம் நடந்தது. "தட்டையா பெருசா இருக்குல்ல, அது பாரை. நீளமா வாய் கூரா இருக்கது சீலா, பல்லு இருக்கும், வெரல வச்சிராதீங்க. சின்னதெல்லாம் சாளை. நான் சொன்ன வெலய மறந்திராதீங்க. கூட ரெண்டு மீனு கேட்டா கோவப்படாதீங்க, கொறச்சுக் கேட்டா சிரிங்க."

ஜெட்டியில் இறங்கி, அலுவலகத்தில் என் மேலதிகாரிக்குப் போன் செய்தேன். "சொந்தக்காரங்களுக்கு உடம்பு சரியில்ல சார். அரை நாள் லீவு வேணும்." அவர் சரி என்றார். சேச்சி அக்காவைக் கூட்டிக்கொண்டு ஒரு ஆட்டோவில் போனாள். அக்காவைத் தினமும் ஏற்றிப் போகும் ஆட்டோக்காரர் என்னையும் சட்டிகளையும் டாலிகஞ்சில் ஒரு தெரு முனையில் இறக்கிவிட்டு, "ஆல் தி பெஸ்ட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நின்றேன். தெரு அமைதியாக இருந்தது. கூவினால்தானே ஆட்கள் வருவார்கள். அலுவலகத்தில் ஃபைலைக் கேட்பதற்குக்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. கடிகாரம் கையில் அதிர்ந்தது. நூற்று இருபத்தொன்பது. நீங்கள் உடற்பயிற்சி செய்கிறீர்களா என்று கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டு, "மச்லீ!" என்று கத்தினேன். அது பூனைக்குட்டிச் சத்தம் மாதிரி வந்தது. இன்னொரு தடவை கத்தினேன். ஒரு ஜன்னல் திறந்தது.

முதலில் வந்தவர் வயதான ஒரு வங்காளி. பாரையின் செவுளை விரலால் தூக்கிப் பார்த்தார், கண்ணை அமுக்கிப் பார்த்தார். அக்கா எங்கே என்று ஹிந்தியில் கேட்டார். ஆஸ்பத்திரி என்றேன். பிறகு இன்னொரு மீனைக் காட்டி, இது என்ன மீன் என்று கேட்டார். அது அக்கா சொன்ன மூன்றிலும் சேராத ஒன்று, சிவப்பாக இருந்தது.

"சமுந்தர் கா" என்றேன். கடல் மீன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே போய் மனைவியையும் கூட்டி வந்து, நான் சொன்னதைச் சொல்லி, அவரையும் சிரிக்க வைத்தார். சட்டியோடு வந்த அக்காவின் அரிவாள்மணை முன்னால் நான் விழித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே உட்கார்ந்து மீனை வெட்டிக்கொண்டார். அடுத்த வீட்டுக்காரருக்கும் வெட்டிக் கொடுத்தார். அவர்தான் தெருவில் மற்றவர்களைக் கூப்பிட்டதும். மீன்காரம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்ற செய்தி வீடு வீடாகப் போனது. வாங்க வந்த ஒவ்வொருவரும் அவளுக்கு என்ன, எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். அன்றைக்கு ஒருவரும் பேரம் பேசவில்லை.

கொஞ்சம் தைரியம் வந்து, இரண்டாவது தெருவுக்குப் போய் ஒரு கேட்டின் முன்னால் நின்று கூவினேன். இப்போது குரல் நன்றாகவே வந்தது. கதவு திறந்தது. பனியன், லுங்கி, வாயில் பிரஷ். என் மேலதிகாரி.

அவர் அந்தத் தெருவில்தான் குடியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. அவர் என் முகத்தைப் பார்த்தார், தரையில் இருந்த சட்டியைப் பார்த்தார், திரும்ப என் முகத்தைப் பார்த்தார். வாயில் நுரை.

"என்னம்மா இது?"

எனக்கு எல்லா வார்த்தையும் மறந்துபோய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

"சார்... பாரை இருக்கு."

அவர் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்தார். நன்றாக யோசித்தார்.

"சீலா இல்லையா?"

இருந்தது. ஒன்று வாங்கிக்கொண்டார். நடந்ததை எல்லாம் வாசலிலேயே நின்று சொன்னேன். கேட்டு முடித்து, "அரை நாள் எதுக்கு, முழு நாளே எடுத்துக்கோங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

பதினொரு மணிக்கு நான் காலிச் சட்டிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் காவலுக்கு நின்றவர் சட்டிகளை உள்ளே விடமாட்டேன் என்றார். அவரிடமே ஒப்படைத்துவிட்டுப் போனேன். அக்கா கட்டிலில் மார்பில் வயர்களோடு படுத்திருந்தாள். தலைக்குப் பக்கத்தில் ஒரு மெஷினில் பச்சைக் கோடு கோணல் மாணலாக ஓடியது. நான் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"சாளைய யாரு வாங்குனா?"

எல்லாம் போயிற்று என்றேன். வங்காளி தாத்தா வெட்டிய கதையையும், சார் பிரஷ்ஷோடு நின்ற கதையையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் மெஷின் கீங் கீங் என்று கத்த, சேச்சி ஓடி வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

டாக்டர் இளவயதுப் பெண். கழுத்தில் இருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று அக்காவைப் பார்த்ததுமே சந்தேகப்பட்டிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ரத்தப் பரிசோதனையும் அதையே சொன்னது. இளைப்பு, பசி, கை நடுக்கம், வியர்வை எல்லாம் அதனால்தான். அதுதான் இதயத்தையும் ஒழுங்கில்லாமல் ஓட விட்டிருக்கிறது. இன்னும் சில மாதம் இப்படியே விட்டிருந்தால் பக்கவாதம் வரைக்கும் போயிருக்கலாம் என்றார்.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "ரெஃபரா டாக்டரம்மா?"

"அதெல்லாம் வேண்டாம்மா. மாத்திரைதான். இங்கேயே பார்த்துக்கலாம்."

அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, கேட்டியா? ரெஃபர் இல்லையாம்!" அன்றைக்குத்தான் நான் மேடத்திலிருந்து ஏட்டி ஆனேன்.

முதல் நாள் மத்தியானம் அவள் வீட்டுக்காரர் வந்ததையும் சொல்ல வேண்டும். அதிகம் பேசாத மனிதர். கடலிலிருந்து வந்த ஈரச் சட்டையோடு, தூக்குச்சட்டியில் தானே பொங்கிய கஞ்சியோடு வந்து நின்றார். ரொம்ப நேரம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, என்னிடம் சொன்னார்: "ரெண்டு மாசமா இவ ஒழுங்காத் தூங்கல. ஃபேனப் பூரா இவ பக்கந்தான் திருப்பி வச்சிக்கிடுவா. வேக்காடு, வேக்காடும்பா. வயசாவுதுன்னு நெனச்சேன். நெஞ்சு இப்படிக் கெடந்து துடிக்கின்னு எனக்குத் தெரியாமப் போச்சே." அக்கா படுத்தபடியே, "சரி சரி, கஞ்சியில உப்பு போட்டீரா?" என்றாள்.

மூன்றாவது நாள் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதம் அவள் வீட்டுக்காரரே டாலிகஞ்சுக்குப் போனார். அவருக்குக் கூவவே வராது; வங்காளி தாத்தாதான் கூவினார் என்று கேள்வி. அலுவலகத்தில் என் பெயர் மாறிவிட்டது. சார் என்னைப் பார்த்தால், "என்னம்மா, இன்னைக்கு என்ன மீன்?" என்பார். டீ கொண்டு வருகிறவர்கூடக் கேட்க ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அதுவரை அந்த அலுவலகத்தில் என்னைப் பற்றிச் சொல்ல யாருக்கும் ஒன்றுமே இருந்ததில்லை.

அக்கா திரும்ப ஃபெரிக்கு வந்த காலையில் பெஞ்சில் அவளுக்கு நடுவில் இடம் விட்டோம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் எண் இறங்கியது. நூற்றுப் பத்து, தொண்ணூற்றெட்டு, எண்பத்தாறு. மூன்றாவது மாதம் எழுபத்தெட்டு வந்த அன்றைக்கு சேச்சி விரல் வைத்து எண்ணி, "ஒரே தாளம்" என்றாள். மேல்தளமே கை தட்டியது. விஷயம் தெரியாத ஒரு டூரிஸ்ட் தம்பதியும் சேர்ந்து தட்டினார்கள். அக்கா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒடம்பு திரும்பப் போட ஆரம்பிச்சிட்டு. ப்ளவுஸ் ஒண்ணும் பத்தல. பாத்தியாட்டி, இளைச்சது போச்சு!"

"என்கூட வாங்க, நடக்கலாம்" என்றேன். அதிலிருந்து சாத்தத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ ஏறாமல் கொஞ்ச தூரம் இரண்டு பேரும் நடக்கிறோம். அவள் தலையில் சட்டி, நான் வெறுங்கை. அப்படியும் அவள்தான் முன்னால் போகிறாள்.

போன மாதம் சேச்சிக்கு திக்லிபூருக்கு மாற்றல் வந்தது. அந்தமானின் வட கோடி. பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க ஆகும். அவளுடைய கடைசி ஃபெரிப் பயணத்துக்கு நாங்கள் எல்லோரும் சாயங்கால ஃபெரிக்குக் கூடிவிட்டோம். அக்கா வாழை இலையில் வறுத்த மீன் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வழிக்கு வேண்டும் என்று கொடுத்தது, பாம்பூஃப்ளாட் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. சேச்சியே பாதியைச் சாப்பிட்டாள்.

"அங்கே நல்ல அரிசி விளையும். பாக்கு, தேங்காய் எல்லாம் உண்டு. எல்லாரும் வரணும் கேட்டோ" என்று எண்ணெய் விரலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். கண் கலங்கியிருந்தது, காரம் என்றாள்.

பொங்கல் லீவுக்குப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். பஸ்ஸா கப்பலா என்பதில் இன்னும் தகராறு ஓடுகிறது. எனக்கு பஸ்ஸில் வாந்தி வரும், கப்பலில் தலை சுற்றும். அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, "எதுக்கு இந்தப் பாடு? எங்க வீட்டுக்காரரு டிங்கியிலயே கொண்டுபோயி விட்டுருவாரு. ரெண்டு நாளு. வழியில மீனும் பிடிக்கலாம்" என்கிறாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாளா நிஜமாகச் சொல்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் வானத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "போலாம்" என்றார்.